விளங்காத கைக்கு வேலை கொடுப்பது

பக்கவாதம் வந்து சில மாதம் ஆன ஒருவர் சட்டைப் பொத்தான் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வலது கை மடியில் கிடக்கும். இடது கை மட்டும் துணியை இழுத்து, துளையைத் தேடி, பொத்தானை நகத்தால் தள்ளி, ஒருவழியாக முடித்துவிடும். வலது கை அசையவே அசையாதா என்று கேட்டால், மெல்ல விரல்களை விரித்துக் காட்டுவார். மணிக்கட்டும் கொஞ்சம் மேலே எழும்பும். ஆக, கையில் உயிர் இருக்கிறது. அதை எந்த வேலைக்கும் அவர் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் கூப்பிடுவதில்லை? மறுவாழ்வு சிகிச்சையின் பெரும்பகுதி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தம் தடைபடுகிறது, அல்லது ரத்தக்குழாய் வெடித்துக் கசிகிறது. அங்கே செத்த நரம்பணுக்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் முதல் சில வாரங்களில் செத்த பகுதி மட்டுமல்ல, அதைச் சுற்றி உயிரோடு இருக்கும் பகுதியும் வீக்கத்தாலும் அதிர்ச்சியாலும் வேலை செய்யாமல் கிடக்கிறது. அந்த நாட்களில் அவர் வலது கையால் டம்ளரை எடுக்கப் பார்க்கிறார், நழுவுகிறது. மறுபடி முயல்கிறார், தண்ணீர் மேலே கொட்டுகிறது. இடது கையால் எடுத்தால் ஒரே தடவையில் வேலை முடிகிறது. ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீக்கம் வடிந்து, வலது கை ஓரளவு செய்யக்கூடிய நிலைக்கு வரும்போது, "இந்தக் கை ஆகாது" என்ற பாடம் மூளையில் ஊறிப்போயிருக்கிறது.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். குரங்குகளின் ஒரு கையிலிருந்து மூளைக்குத் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளைத் துண்டித்தார். தசைகளுக்குக் கட்டளை கொண்டுவரும் நரம்புகள் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் குரங்கு அந்தக் கையைத் தொங்கவிட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், வேறு வழியில்லாமல் தொங்கிய கையை நீட்டி உணவை எடுக்கத் தொடங்கியது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலை 1981-இல் பெரிய சர்ச்சையானது. அந்தப் பிராணிகள் பட்ட பாட்டைச் சொல்லாமல் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதிலிருந்து பிறந்த சிகிச்சை எளிமையானது, ஆனால் கடுமையானது. நல்ல கையை உறைக்குள் போட்டு ஓரம்கட்டிவிட்டு, பாதித்த கைக்கு நாள் முழுக்க வேலை கொடுப்பது. 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் இருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் வரை உறை அணிய வேண்டும். கூடவே தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கை நன்றாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது. மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். துளியும் அசையாத கைக்கு இது பொருந்தாது.

பயிற்சியின்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? ராண்டால்ஃப் நூடோவும் அவரது குழுவினரும் 1996-இல் அணில் குரங்குகளிடம் இதைப் பார்த்தார்கள். மூளையில் கைக்கென்று ஒரு இடம் உண்டு. அதில் சிறு பகுதி சேதமானபின் குரங்கைச் சும்மா விட்டால், பக்கத்தில் சேதமாகாமல் இருந்த கைப் பகுதியும் சுருங்கியது. சின்னக் குழிகளிலிருந்து உணவுத் துண்டுகளை எடுக்கப் பயிற்சி கொடுத்தால், அந்தப் பகுதி தக்கவைக்கப்பட்டது. சில குரங்குகளில் தோளுக்கும் முழங்கைக்கும் உரிய இடத்துக்குள்ளும் அது பரவியது. மூளையில் இடம் சும்மா கிடப்பதில்லை. கேட்பவருக்குப் போய்விடுகிறது.

தசைகளின் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு தசை வாரக்கணக்கில் மடங்கிய நிலையிலேயே இருந்தால், அதற்குள் சுருங்கி விரியும் நுண்ணிய அலகுகள் குறைந்து, தசையே நீளத்தில் சின்னதாகிறது. அப்புறம் மூட்டை நிமிர்த்த முடியாது. முழு உடலுக்கும் இது எப்படி என்பதை டல்லஸில் 1966-இல் நடந்த ஒரு சோதனை காட்டியது. ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, அத்தனை ஆண்டில் வயது தின்றதைவிட அந்த மூன்று வாரம் தின்றதுதான் அதிகமாக இருந்தது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் இந்தச் சுழல் இன்னும் மோசம். மூச்சு வாங்குகிறது என்று நடப்பதைக் குறைக்கிறார்கள். கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை சீக்கிரமே லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கிறது, அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டியிருக்கிறது. முன்பு பத்து நிமிட நடையில் வந்த மூச்சிரைப்பு இப்போது மூன்றே நிமிடத்தில் வருகிறது. அதனால்தான் நுரையீரல் நோயாளியைப் பிசியோதெரபிஸ்ட் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறார். நுரையீரலின் சேதம் இதனால் சரியாகிவிடாது. கால் தேறுகிறது, அதே தூரத்துக்குக் குறைந்த மூச்சு போதும் என்றாகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். எல்லா நோய்க்கும் "இன்னும் கொஞ்சம் செய்" என்பது மருந்தல்ல. மயால்ஜிக் என்செஃபலோமயலிட்டிஸ் எனப்படும் நாள்பட்ட சோர்வு நோயில், சின்ன உழைப்புகூட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை இவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் வழிகாட்டுதலை மாற்றியது. அதற்கு முன் எத்தனையோ பேரை "சோம்பேறித்தனம்" என்று சொல்லி வதைத்திருக்கிறோம். களைப்பு எப்போது வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் அளவை வைக்க வேண்டும்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற வகைப்பாட்டில், இயலாமை என்பது உடலில் மட்டும் இருப்பதாகச் சொல்லப்படவில்லை. உடலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நடுவே அது உண்டாகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சரிவுப் பாதை உள்ள கட்டிடமும் படி மட்டும் உள்ள கட்டிடமும் ஒன்றாக இருக்க முடியாது, உடல் ஒன்றேயானாலும். எனவே மறுவாழ்வுக் குழு எப்போதும் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. கையைத் தேற்றுகிறது, கூடவே பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்த சட்டையையும் தருகிறது. எது எப்போது என்பதில் குழுவுக்குள்ளேயே வாதம் நடக்கும். ஒட்டுப்பட்டை சீக்கிரம் வந்துவிட்டால் கை சோம்பிவிடும், தாமதமானால் ஆள் மனம் உடைந்துவிடுவார்.

வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். அவர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல், பாசத்தில் பொத்தானை நாமே போட்டுவிடுகிறோம். எழுப்பும்போது பாதித்த கையைப் பிடித்து இழுக்கிறோம். தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவிவிடும், அதனால் அதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. முதுகையும் இடுப்பையும் தாங்கி எழுப்ப வேண்டும். பொத்தானுக்கு வலது கையால் துணியின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம், தள்ளுவதை இடது கை செய்யட்டும். முதல் நாள் ஒரு பொத்தானுக்கு நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடமும் நம் கைகள் நம் மடியில் இருக்கட்டும்.