அந்தத் தள்ளுவண்டிப் படத்தை இனி அனுப்பாதீர்கள்

விலைவாசி கொஞ்சம் ஏறினால் போதும், அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். தள்ளுவண்டி நிறைய ஜெர்மன் நோட்டு, கீழே ‘இதனால்தான் ஹிட்லர் வந்தான்’ என்று ஒரு வரி. வரலாறு நடத்துகிறவர்களே ஃபார்வர்டு செய்கிறார்கள். அப்புறம் விடைத்தாளில் வராமல் என்ன செய்யும்?

வருஷத்தைப் பாருங்கள் ஐயா. அந்த நோட்டு 1923. ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைப் பிரான்ஸும் பெல்ஜியமும் ஆக்கிரமித்தன. அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குப் படியளக்க அரசு நோட்டாக அடித்துத் தள்ளியது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். அதே மாதம் 15ஆம் தேதி ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்தது, பழைய லட்சம் கோடிக்குப் புதிது ஒன்று. விலை நின்றுவிட்டது. அந்த நவம்பரில் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்த ஹிட்லர் போனது சிறைக்கு. நாலரை வருஷம் கழித்து, 1928 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2.6 சதவீதம், 12 இடம்.

அதுவே 1930 செப்டம்பரில் 107 இடம், 1932 ஜூலையில் 230. இந்த வருஷங்களில் ஜெர்மனியில் விலை ஏறவில்லை, இறங்கியது. மறுபடி சொல்கிறேன், இறங்கியது. கூடவே சம்பளமும் இறங்கியது. 1929 செப்டம்பரில் சுமார் 13 லட்சமாக இருந்த வேலையில்லாதோர் 1932 தொடக்கத்தில் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். 1923க்கு இதில் ஒரு பங்கு உண்டு: திரும்ப நோட்டடித்தால் என்னாகுமோ என்ற பயம், செலவைக் கூட்ட நினைத்தவர்களின் கையைக் கட்டிப்போட்டது.

ஹிட்லருக்கு முந்தைய அந்த ஜெர்மன் குடியரசு, அதாவது வைமார் குடியரசு, உள்ளே இற்ற இடம் வேறு. வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவை 3.5 சதவீதத்திலிருந்து 4 ஆக்கலாமா என்ற சண்டையில் 1930 மார்ச்சில் பிரதமர் முல்லரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. அரை சதவீதம்! அடுத்துப் பிரதமராக வந்த ப்ரூனிங், ஊழியர் சம்பளப் பிடித்தம், மணமாகாதவர்களுக்குக் கூடுதல் வரி என்று அரசமைப்பின் 48ஆம் பிரிவில் (நெருக்கடியில் நாடாளுமன்றம் இல்லாமலே குடியரசுத் தலைவர் பெயரில் ஆணை போட வழி தருவது) அவசர ஆணை போட்டார். அதை ரத்து செய்ய நாடாளுமன்றத்துக்கு அதே பிரிவில் உரிமை உண்டு. ஜூலை 18 அன்று 236க்கு 221 என்று ரத்து செய்தது. அன்றைக்கே 25ஆம் பிரிவில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நாடாளுமன்றத்தையே கலைத்தார். எட்டே நாளில் ஆணை திரும்ப வந்தது. 48ஐ மட்டும் மனப்பாடம் செய்தால் இது பிடிபடாது. 25ஐயும், பிரதமரை நியமிக்கும் 53ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். (அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை நம் அரசமைப்பு எங்கிருந்து எடுத்தது என்ற ஒரு மார்க் கேள்விக்கு ‘வைமார்’ என்று எல்லோரும் டிக் அடிக்கிறார்கள். அங்கே அது எப்படி ஓடியது என்று கேட்டால் மௌனம்.)

‘ஹிட்லரைப் பெரும்பான்மை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்’ என்றும் எழுதாதீர்கள். 1932 நவம்பரில் அவர் கட்சி 33.1 சதவீதத்துக்குச் சரிந்திருந்தது. 1933 ஜனவரி 30 அன்று அவரைப் பிரதமராக ஹிண்டன்பர்க் நியமித்தார். எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் தள்ளிவிட்டு மார்ச்சில் நடத்திய தேர்தலிலும் 43.9தான்.

படம் வந்தால் முதலில் வருஷம் கேளுங்கள். பாடம் எடுக்கும் நண்பர்களே, தள்ளுவண்டியைக் காட்டத்தான் வேண்டுமென்றால் காட்டுங்கள். அடுத்த ஸ்லைடில் தயவுசெய்து 1928இன் அந்த 2.6ஐயும் போடுங்கள்.