போன நம்பிக்கையைப் போன இடத்திலேயே மீட்க வேண்டும்

அலுவலகப் பிரச்சினை என்று ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர் சொல்லும் முதல் வாக்கியம், "அவர் மேல எனக்கு நம்பிக்கையே போச்சு." எந்த நம்பிக்கை என்று கேட்பேன். வேலையைச் சரியாக முடிப்பார் என்பதா, நமக்குக் கெடுதல் நினைக்க மாட்டார் என்பதா, சொன்ன சொல் தவற மாட்டார் என்பதா? மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் 1995இல் இப்படித்தான் பிரித்தார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. இந்தப் பிரிவு எனக்கு இன்றும் கைகொடுக்கிறது.

ஏனென்றால், திறமையில் வரும் சறுக்கல் சீக்கிரம் ஆறிவிடும். கணக்கில் தப்பு விட்டவர் அதை ஒத்துக்கொண்டு அடுத்தடுத்த வேலைகளை ஒழுங்காக முடித்தால் மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். நேர்மை தவறினால் அப்படி இல்லை. 'ஆள் இப்படித்தான்' என்று மனசு முடிவு கட்டிவிடும். பிறகு அவர் நல்லது செய்தாலும் உள்நோக்கம் தேடும்.

ஒருவர் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த அறிக்கையை இன்னொருவர் கூட்டத்தில் தன்னுடையதுபோலப் பேசிவிடுவார். உழைத்தவர் அங்கே வாய் திறப்பதில்லை. ஆனால் அப்புறம் கோப்புகளை முழுசாகப் பகிர மாட்டார். ஒரு வரி மெயிலுக்கும் மேலாளருக்கு சிசி, அதாவது ஒரு நகல், போடுவார். காரணமில்லாமல் சிசி கூடிக்கொண்டே போனால், யாரோ சாட்சி சேர்க்க ஆரம்பித்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதற்கு வராந்தாவில் தோளைத் தட்டி, "சாரி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்வது போதாது. கூட்டத்தில் பறிபோன பெயரைக் கூட்டத்தில்தான் திருப்பித் தர வேண்டும். "போன வாரம் நான் பேசின அறிக்கை இவர் தயாரிச்சது. அன்னைக்கே சொல்லாதது என் தப்பு." அதே ஆட்கள் முன்னால் இவ்வளவு சொன்னால் போதும். சொல்வது கஷ்டம்தான்; அதனால்தான் அதற்கு மதிப்பு.

ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்பின் ஆறு கூறுகளை ஒப்பிட்டார்கள். 'தப்பு என்னுடையது' என்று பொறுப்பேற்பதற்கு முதலிடம். சரிசெய்து தருகிறேன் என்பதற்கு அடுத்த இடம். மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது கடைசியில் வந்தது. நாமோ பெரும்பாலும் அந்தக் கடைசியை மட்டும் செய்துவிட்டு, "இன்னும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாரே" என்று குறைப்படுகிறோம்.

அடிபட்டவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனசுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். "அந்த அறிக்கையில என் பெயர் வரலை, எனக்கு வருத்தமா இருந்தது" என்று நடந்ததைச் சொல்லுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். உடனே மன்னித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

மேலாளர்களே, இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்பாதீர்கள். கொஞ்ச நாள் போகட்டும். பிறகு ஒரு சின்ன வேலையைச் சேர்த்துக் கொடுங்கள். யார் எதைச் செய்வது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, முடிந்ததும் அவரவர் செய்ததை அவரவரே கூட்டத்தில் சொல்லட்டும்.