கொஞ்சம் ரோஜர்ஸ், கொஞ்சம் ஜான் வெய்ன்

அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ் மாதிரிப் பேச ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. குழந்தைகளுக்கு டிவி நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸின் மெத்தென்ற குரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கௌபாய் படங்களின் ஜான் வெய்னுடைய இழுவையைக் கொஞ்சம் கலந்துவிடுங்கள். புஷ் தயார். இதைச் சொன்னவர் டானா கார்வி. அமெரிக்க டிவியின் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியில் புஷ்ஷாக நடித்துக் கேலி செய்தவர். 1992 தேர்தலில் தோற்ற பிறகு அதே புஷ் அவரை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து, சோர்ந்துபோயிருந்த ஊழியர்கள் முன்னால் தன்னைப் போலவே பேச வைத்தார்.

அந்தக் கலவையில் புஷ் எங்கேயும் இல்லை. பின்னே எப்படிக் கேட்பவர்களுக்கு புஷ் வந்துவிடுகிறார்?

முதலில் தொண்டையைப் பார்ப்போம். பேசும்போது ஆண்களின் குரல்நாண்கள் சராசரியாக விநாடிக்கு 100 முதல் 120 தடவை அதிர்கின்றன. அந்த ஒலி, தொண்டை முதல் உதடு வரை சுமார் 17 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய் வழியாக வெளியே வருகிறது. குழாயின் நீளமும் வடிவமும் சில அதிர்வெண்களைத் தூக்கிவிடும், சிலவற்றை அமுக்கிவிடும். அதனால்தான் ஒரே சுருதியில் இரண்டு பேர் பாடினாலும் யார் பாடுகிறார் என்று நமக்குத் தெரிகிறது. சுருதியை ஏற்றி இறக்குவது சுலபம். குழாயையும் ஓரளவு மாற்றலாம்: உதட்டைக் குவிக்கலாம், குரல்வளையைக் கீழே இறக்கலாம். ஆனால் எலும்பையும் தாடையையும் என்ன செய்வது?

ஸ்வீடனில் எரிக்சன், விரெட்லிங் என்ற ஆய்வாளர்கள் ஒரு தொழில்முறைப் பலகுரல் கலைஞரை அளந்து பார்த்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுருதியும் பேச்சின் ஒட்டுமொத்த வேகமும் அசலோடு நன்றாகப் பொருந்தின. குழாயின் ஒத்ததிர்வுகள், அதாவது அது தூக்கிவிடும் அதிர்வெண்கள், சில இடங்களில் பொருந்தின, சில இடங்களில் இல்லை. தனித்தனி ஒலிகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட கால அளவோ கிட்டத்தட்ட மாறவே இல்லை. அது அவருடைய சொந்தக் கணக்கு. அதாவது கருவியில் ஆள் மாட்டிக்கொள்கிறார், காதில் தப்பித்துவிடுகிறார்.

காது ஏன் விட்டுக்கொடுக்கிறது என்பதற்கு முகங்களை வைத்துச் செய்த ஒரு சோதனை உதவும். தெரிந்தவர்களின் முகத்தை உள்ளபடி வரைந்த கோட்டோவியத்தைவிட, மிகைப்படுத்திய கேலிச்சித்திரத்தை மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள் என்று ரோட்ஸ், பிரென்னன், கேரி மூவரும் 1987இல் காட்டினார்கள். மூளை ஒவ்வொரு முகத்தையும் முழுசாகச் சேமிப்பதில்லை, சராசரி முகத்திலிருந்து அது எங்கே விலகுகிறது என்றுதான் குறித்துவைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். விலகலைப் பெரிதாக்கினால் ஆள் இன்னும் சட்டென்று தெரிகிறார்.

ஒரே ஒரு விலகல்கூடப் போதும். 1975 ஜூனில் ஆஸ்திரியாவில் விமானப் படிக்கட்டில் அமெரிக்க அதிபர் ஃபோர்டு வழுக்கி விழுந்தார். அந்த ஆண்டே தொடங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்'வில் ஃபோர்டாக நடித்த செவி சேஸ் மேக்கப்பும் போடவில்லை, குரலையும் மாற்றவில்லை. மேஜை நாற்காலியோடு சரிந்து விழுந்தார், அவ்வளவுதான். கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்த ஃபோர்டு அப்புறம் நாடறிந்த தடுமாறி ஆகிவிட்டார். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

ஜப்பானியர் இந்தக் கலையை 'மோனோமானே' என்கிறார்கள். சொல் பழையது, நோ நாடக மேதை ஜெயாமி 1400 வாக்கிலேயே அதைப் பற்றி எழுதிவிட்டார். இன்றைக்கு அதில் பெரிய பெயர் எடுத்தவர் கொரொக்கே என்ற கலைஞர். பாடகர் இட்சுகி ஹிரோஷியைப் போலப் பாட ஆரம்பித்து, அவருடைய முஷ்டியையும் சுருங்கிய கண்ணையும் ஊதிப் பெருக்கி, கடைசியில் அவரை ஒரு ரோபோவாகவே ஆக்கிவிட்டார். ரோபோவுக்கும் இட்சுகிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனால் பார்த்த கணமே இட்சுகிதான். இதன் எதிர்முனையில் இன்னொரு டிவி பகுதி இருக்கிறது. யாருக்கும் எட்டாத அளவுக்கு நுணுக்கமான சாயல்களைச் செய்துகாட்ட வேண்டும். முடித்ததும் காலடியில் தரை திறந்து கலைஞர் கீழே விழுவார். பார்வையாளருக்கு ஆளைத் தெரியாவிட்டாலும் 'இப்படி ஒருத்தர் இருப்பார்' என்று தோன்றிவிடுகிறது.

நாட்டு எல்லையைத் தாண்டும்போதுதான் சிக்கல். தெரியாத மொழியைக் கேட்கையில் சொல் எங்கே முடிகிறது என்று பிடிபடாது. மெட்டும் தாளமும்தான் காதில் மிஞ்சும். ஜப்பானிய மொழியில் அசைகள் ஏறக்குறைய ஒரே அளவாக விழும், ஆங்கிலத்தில் அழுத்தம் பெற்றவை நீளும், மற்றவை நசுங்கும். அர்த்தமில்லாத சத்தங்களை இந்த மெட்டில் போட்டாலே மொழி வந்துவிடும். நான்கு நாட்டுக்காரர்கள் மாஜாங் என்ற காய் விளையாட்டு ஆடிச் சண்டை போடுவதை ஜப்பானிய நகைச்சுவையாளர் தாமோரி இப்படித்தான் நடித்தார். அமெரிக்காவில் நகைச்சுவை நடிகர் சிட் சீசர், அப்பாவின் உணவகத்துக்கு வந்த குடியேறிகளைக் கேட்டுக் கேட்டே இதைக் கற்றார். 'சாட்டர்டே நைட் லைவ்'வில் ஜான் பெலூஷி நடித்த உறுமும் சாமுராயும் இதே வகை, ஜப்பானிய நடிகர் தோஷிரோ மிஃபூனேயின் சாயலில்.

சரி, விலகல் என்றால் எந்தச் சராசரியிலிருந்து? நம் மனசில் இருக்கும் சராசரி, நாம் தினமும் பார்க்கும் முகங்களால் ஆனது. அதிகம் பழகாத இனத்து முகங்களைப் பிரித்தறியப் பொதுவாக எல்லோரும் தடுமாறுவோம். சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது. அயலாரை நகலெடுக்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்த ஆளின் தனித்தன்மை இல்லை, அவருடைய இனம். 2017 டிசம்பர் 31 இரவு ஜப்பானிய டிவியில் நகைச்சுவையாளர் ஹமாடா மசதோஷி, அமெரிக்கக் கறுப்பின நடிகர் எட்டி மர்ஃபி வேடத்தில் முகத்தில் கருஞ்சாயம் பூசி வந்தார். கண்டனம் எழுந்தது. இந்த வழக்கத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோனதில் அமெரிக்கர்களுக்கும் பங்குண்டு: 1854இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் மாலுமிகள் கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து வைத்து, முகத்தில் கரி பூசி ஆடிக்காட்டினார்கள்.

ஜப்பானிய நகைச்சுவைக் கலைஞர் வாத்தனபே நவோமி 2008இல் அமெரிக்கப் பாடகி பியான்சேவாக ஆடிப் புகழ்பெற்றதை இதோடு வைத்துப் பாருங்கள். குரல்கூட அவருடையது இல்லை, ஒலிப்பதிவுக்கு வாயசைக்கிறார். உடம்பும் பியான்சேயின் உடம்பு மாதிரி இல்லை. அவர் பிடித்தது கூந்தலை உதறும் விதம், இடுப்பின் வெட்டு, உதட்டின் திமிர். கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றுமே இல்லை. திறந்தால் பியான்சே.