நிறைசிலிண்டரும் மிதக்கும்

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதில் ஒரு கேஸ் சிலிண்டர் மிதந்து வந்தது. காலி என்று நினைத்துப் பிடித்தால், கையை இழுக்கிறது. சீல்கூட உடைக்காத சிலிண்டர்! அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாயு 14.2 கிலோ, இரும்பு 16 கிலோவுக்குள், ஆக சுமார் 30 கிலோ. முழுக்க முங்கினால் அது விலக்கும் தண்ணீர் 35 கிலோ. மிதக்காமல் என்ன செய்யும்?

இதே கணக்கை ஆலைகளில் நிற்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் போடுவோம். 10 மீட்டர் விட்டம், 10 மீட்டர் உயரம். பார்க்கப் பூதம்தான்; ஆனால் சுவர் அரை அங்குலம்கூட இல்லாத தகடு. வெறுந்தொட்டி 25 டன் என்று வையுங்கள். அடிப்பரப்பு 78 சதுர மீட்டர். சுற்றி ஒரு மீட்டர் தண்ணீர் நின்று அடியிலும் புகுந்துவிட்டால், 78 டன் அளவுக்கு மேலே தள்ளும். 25 டன்னைக் கிளப்ப ஓரடிக்குச் சற்று மேல் போதும், முழங்கால்கூட நனையாது. தொட்டி அசைந்தால் குழாய் இணைப்பு பிய்த்துக்கொள்ளும்.

2005இல் கத்ரினா புயலின்போது அமெரிக்காவில், லூசியானாவின் மெரோவில் இதுதான் நடந்தது. கால்வாசி மட்டுமே நிரம்பியிருந்த கச்சா எண்ணெய்த் தொட்டியை வெள்ளம் தூக்கி நகர்த்தியது. சுமார் 25,000 பீப்பாய் எண்ணெய் வெளியே. இயற்கை மூட்டிவிடும் இத்தகைய ஆலை விபத்துகளுக்கு 'நேட்டெக்' என்று பெயர்.

வெள்ளம் தூக்க வேண்டும் என்றுகூட இல்லை, கரண்டைப் பிடுங்கினால் போதும். 2017இல் டெக்சாஸின் க்ராஸ்பியில் ஒரு ரசாயன ஆலையில், குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய கரிமப் பெராக்சைடு என்ற ரசாயனம் இருந்தது. ஹார்வி புயலில் மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் முங்கியது. சரக்கு தானே சூடேறிச் சிதைந்து தீப்பிடித்தது.

எனக்கு உறுத்துவது தொட்டியைச் சுற்றிய தடுப்புச் சுவர். எண்ணெய் கசிந்தால் ஓடிவிடாமல் பிடிக்கத்தான் அது. அதனால் வடிகால் வால்வை மூடியே வைப்பார்கள். சரி, மழை பெய்தால்? அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தொட்டிக் கூரையில் விழுவதும் வழிந்து சுவருக்குள்தான் வரும். ஆறு எட்டிப்பார்க்காமலே ஒரு மீட்டர் ஆழம்!

ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை எண்ணெயாலோ தண்ணீராலோ நிரப்பிக் கனமாக்குவார்கள். மழை வலுத்தால் ஒருவர் இருட்டில் போய், டார்ச் அடித்து, தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வால்வைத் திறக்க வேண்டும்.