படத்தில் பார்த்த வெர்னியர்

காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, இரும்பு பாகங்களை அராவிப் பொருத்தும் ஃபிட்டர் தொழில் சொல்லித்தருகிறேன். முதல் வாரம் யார் கையிலும் அரம் கொடுப்பதில்லை. மில்லிமீட்டருக்கும் நுண்ணியதாக அளக்கும் கருவியான வெர்னியர் ஆளுக்கொன்றும் ஓர் இரும்புத் துண்டும் கொடுத்து அளக்கச் சொல்வேன்.

போன பேட்ச்சில் ஒரு பையன், பத்தாவதில் நல்ல மார்க். "மீச்சிற்றளவு 0.01 செ.மீ. சார்" என்று கேட்காமலே ஒப்பித்தான். கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவுதான் மீச்சிற்றளவு. நான் கொடுத்திருந்ததோ 0.02 மி.மீ. வெர்னியர். அதை எப்படிப் பிடிப்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. "புக்குல படம்தான் சார் பாத்திருக்கேன்" என்றான். இத்தனைக்கும் விடியற்காலையில் அப்பாவோடு மீன் ஏலத்துக்குப் போய், கூடைக்கணக்கை மனசிலேயே போடுகிறவன் அவன்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடுதான். வெர்னியர் அளவி, திருகு அளவி இரண்டும் அதில் உண்டு. நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் கருவியும் இருந்தது, பூட்டிய பீரோவுக்குள். தொலைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்கிற பயம். அந்தப் பயம் எனக்கும் உண்டு, அதனால் ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்க ஸ்மார்ட் போர்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது பெயர். டி.சி.யில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பேங்க் பாஸ்புக்கில் வேறு ஸ்பெல்லிங். அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு; இந்தக் குளறுபடியால் அது மாதக்கணக்கில் வராமல் கிடக்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கத் தருவார்கள். பெற்றோர்களே, ஆதாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மார்க் ஷீட் அச்சாகி வந்தபிறகு திருத்துவதென்றால், ஒவ்வொரு அலைச்சலும் உங்களுக்கு ஒரு நாள் கூலி.

பத்தாவதில் மார்க் குறைந்தால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் அழுகிறார்கள். எட்டாவது முடித்தவர்களுக்கே ஐடிஐயில் வயர்மேன், வெல்டர் பிரிவுகள் உண்டு. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில், ஐடிஐ படிக்காத பத்தாவது பாஸ் பிள்ளைகளையும் அப்ரன்டிஸாக எடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐடிஐ சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். என் வகுப்பில் பெண்கள் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இதையெல்லாம் ரிசல்ட் வந்த பரபரப்பில் சொன்னால் யார் காதிலும் ஏறாது. ஒன்பதாவதிலேயே, அம்மாக்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பீரோ இருக்கும் பள்ளிக்கே அப்படி ஒரு கூட்டத்துக்குப் போன மாதம் போயிருந்தேன். முடிந்ததும் தலைமை ஆசிரியை, "நாப்பது பிள்ளைங்க சார். எத்தனை வெர்னியர் வாங்கணும்?" என்று கேட்டார்.

"பீரோவுல இருக்கிற நாலு போதும் மேடம். சாவி யாருகிட்ட இருக்கு?"