இதயத்துக்கு மருந்து, காலில்

மாரடைப்பு வந்து டிஸ்சார்ஜ் ஆனவரை மாடிப்படிப் பக்கமே விடாத வீடுகள் உண்டு. அக்கறைதான். ஒரு காலத்தில் டாக்டர்களும் இதையே செய்தார்கள்: ஆறு வாரம் படுக்கை. 1952-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் இதய மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியதே அன்று துணிச்சலான காரியம். 1966-இல் அதே நாட்டின் டல்லஸில், ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. இருபது வயதுக்காரர்களுக்கே இந்தக் கதி.

சரி, பழுதான இதயத்தை வேலை வாங்கினால் அதற்கு என்ன லாபம்? நடந்தால் இதயம் பலமாகும் என்பது பாதி உண்மைதான். தழும்பாகிவிட்ட இதயத் தசை பயிற்சியால் திரும்ப வளர்ந்துவிடாது. பெரிய மாற்றம் நடப்பது கால்களில். தொடர்ந்து நடக்க நடக்க அங்கே நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும். செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடும். அதே ரத்தத்திலிருந்து தசை கூடுதல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆக, அதே மாடிப்படிக்கு இதயம் முன்பைவிட மெதுவாகத் துடித்தால் போதும்.

மெதுவாகத் துடிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இதயம் தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் சுருங்கும்போது அல்ல, தளரும்போதுதான் பெறுகிறது. துடிப்பு குறைந்தால் தளர்வு நேரம் நீளும். முன்பு நூறடியில் நெஞ்சு வலித்தவர் இப்போது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2016-இல் இதய நோயாளிகளின் பயிற்சி பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இதய நோயால் இறந்தவர்கள், பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேர். பெற்றவர்களில் 8 பேருக்கும் குறைவு. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பயிற்சியும் மருந்து என்றால் அளவு முக்கியம். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச நாடித்துடிப்பு கிடைக்கும் என்று எல்லா ஆப்களும் சொல்லும். 60 வயதுக்காரருக்கு 160. ஆனால் இதய நோயாளிகள் பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதைச் சாப்பிடும் 60 வயதுக்காரரால் 130-ஐத் தாண்டவே முடியாமல் போகலாம். அதனால் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே ட்ரெட்மில் சோதனை செய்து, அதில் வரும் உச்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வில் 60, உச்சம் 130 என்றால் இடைவெளி 70. அதில் 40 முதல் 70 சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 88 முதல் 109 வரை. இவருடைய பயிற்சி எல்லை அதுதான். பின்லாந்து ஆய்வாளர் கார்வோனென் 1957-இல் காட்டிய வழி இது.

நாடி பார்க்க வராதவர்களுக்கு ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்கின் அளவுகோல் உண்டு: சிரமமே இல்லை என்றால் 6, இதற்கு மேல் முடியாது என்றால் 20. பொதுவாக 11-க்கும் 14-க்கும் இடையில் நிற்க வேண்டும். அதுவும் குழப்பமாக இருந்தால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான்.

வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நிற்பது ஆபத்து. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நின்றதும் விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்கி, பிரஷர் இறங்கித் தலை சுற்றும். பிரிட்டிஷ் வழிகாட்டுதல்கள் தொடக்கத்தில் 15 நிமிடம் உடலைச் சூடேற்றவும், முடிவில் 10 நிமிடம் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் சொல்கின்றன. நடுவில் நெஞ்சு இறுகினாலோ மயக்கம் வந்தாலோ அன்றைய பயிற்சி அத்தோடு நிற்க வேண்டும். காய்ச்சல் நாளில் தொடங்கவே வேண்டாம்.

பைபாஸ் ஆனவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. கால்கள் சில நாட்களிலேயே நடைக்குத் தயாராகிவிடும். அறுத்துக் கம்பியால் கட்டிய மார்பெலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கேஸ் சிலிண்டரை வேறு யாராவது தூக்கட்டும்.