கணவரைக் காணோம்: அந்த நாவல் சொல்லாமல் விட்டது

பெங்களூரு அல்சூரில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் ஒரு பெண், போன மாதம் ஒரு நாவலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இதைப் படிச்சதிலிருந்து தூக்கமே இல்ல மேடம். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தானோ?" என்று கேட்டார். அவருடைய கணவர் காணாமல் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. (அவர் சம்மதத்தோடு, விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அன்றிரவே படித்தேன். வேலைக்குக் கிளம்பிய கணவன் வீடு திரும்பவில்லை, மனைவி தேடுகிறாள். தொடக்கம் நன்றாகவே இருந்தது. குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்து அவள் காத்திருக்கும் அத்தியாயத்தில் உண்மை இருந்தது. பாதிக்கு மேல் எழுதியவருக்கு ஏனோ அவசரம். கடைசியில் கணவனுக்கு இரட்டை ஆளுமை, அவன்தான் கொலைகாரன் என்று முடித்துவிட்டார். கதை சப்பென்று போனதைக்கூட மன்னித்துவிடலாம். மனநோய் என்றாலே கொலை என்று காட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தான் யார் என்பதையே மறந்து ஊரைவிட்டுப் போய்விடும் நிலை உண்மையிலேயே உண்டு. டிசோசியேட்டிவ் ஃபியூக் என்பார்கள். மிக அரிதானது. அப்படிப் போகிறவர் பாதுகாப்பு தேவைப்படுகிறவர், பார்த்துப் பயப்பட வேண்டியவர் அல்ல. நான் பார்த்த குடும்பங்களில் காணாமல் போனவர்களுக்குப் பின்னால் இருந்தவை கடன், வேலை இழப்பு, குடி, யாரும் கவனிக்காத மனச்சோர்வு.

நாவலில் இன்ஸ்பெக்டர், "24 மணி நேரம் கழிச்சு வாங்கம்மா" என்கிறார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆளைக் காணோம் என்று தெரிந்த உடனே 112-ஐ அழைக்கலாம், ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். கடைகளின் சிசிடிவி பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும் என்பதால் தாமதம் பெரிய இழப்பு. அப்புறம், மூன்றாம் மாதமே இறப்புச் சான்றிதழும் இன்ஷூரன்ஸ் பணமும் வந்துவிடுகின்றன! ஆள் என்ன ஆனார் என்றே தெரியாதபோது, 7 வருடங்கள் எந்தத் தகவலும் வராதிருந்தால்தான் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். அதற்கும் பெரும்பாலும் நீதிமன்றப் படி ஏறவேண்டும்.

என்னிடம் வந்த பெண்ணும் இரண்டு நாள் காத்திருந்தவர்தான். அதைவிட வலித்தது வேறொன்று. அவர் கணவர் ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். போவதற்கு முந்தின வாரம் ஏடிஎம் பின் நம்பரை எழுதிக்கொடுத்து, "பசங்களைப் பாத்துக்கோ" என்றும் சொல்லியிருக்கிறார். புகாரில் இது எதுவுமே இல்லை. "பைத்தியம்னு நினைப்பாங்க, சொல்லாதே" என்று மாமியார் தடுத்துவிட்டாராம். உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்று தெரிந்தால் தேடும் வேகமும் இடமும் மாறும். மாத்திரை, கடன், வீட்டுச் சண்டை, விரக்தியாகப் பேசியது எல்லாவற்றையும் முதல் புகாரிலேயே சொல்லிவிடுங்கள். மானம் போகும் என்று தயவுசெய்து மறைக்காதீர்கள். ஒருவர் அப்படிப் பேசும்போதே அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸை அழைக்கலாம். இலவசம், தமிழிலும் பேசலாம்.

காணாமல் போனவரின் வீட்டில் துக்கத்துக்கு இடம் இருக்காது. பதினாறாம் நாள் காரியம் கிடையாது, அமாவாசைக்குத் தர்ப்பணம் கிடையாது. குங்குமம் வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. அமெரிக்காவின் குடும்ப ஆலோசகரும் ஆய்வாளருமான பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்தவர் அவர். இந்த நிலையில் "மறந்துட்டு வேலையைப் பாரு" என்பதும் "கண்டிப்பா வந்துடுவார்" என்பதும் ஒரே அளவு காயப்படுத்தும். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலேயே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் வாடகையையும் பார்த்துக்கொள்ள ஒருவருக்குத் துணை நிற்பதுதான் என் வேலை. இதைப் பற்றி அந்த நாவலில் ஒரு பக்கம்கூட இல்லை.

உங்கள் கணவர் அந்தக் கதையில் வருகிறவர் இல்லை, உடம்புக்கு முடியாமல் இருந்த மனிதர் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வெகுநேரம் அழுதார். மறுவாரம் மருத்துவச் சீட்டின் நகலோடு ஸ்டேஷனுக்குப் போய், விட்டுப்போன விவரங்களை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். கணவரின் செல்போன் நம்பருக்கு இன்னும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். நிறுத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.